முகத்துக்கு மார்க் போடும் தம்பிகளுக்கு

அன்புள்ள தம்பிகளே,

தன் முகத்தைப் படமெடுத்துப் போட்டு "பத்துக்கு எத்தனை?" என்று கேட்கிற பையனுக்கு அறிவுரை சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அம்மா, வாத்தியார், மருத்துவர், ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ் என்று எல்லாரும் அவனைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். இந்த மடல் அவனுக்கு இல்லை. அவன் படத்துக்குக் கீழே 4.75 என்று எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிற உங்களுக்கு.

நான் பல வருஷம் ஸ்டுடியோ வைத்துப் பிழைத்தவன். ஹால் டிக்கெட்டில் ஒட்டும் பாஸ்போர்ட் சைஸ், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் முழு உருவப் படம், காதுகுத்து, கல்யாணம், கடைசியில் மாலை போட்டு மாட்டுகிற என்லார்ஜ்மென்ட் வரைக்கும் எடுத்திருக்கிறேன். உங்கள் உலகத்தை எனக்குக் காட்டியவன் என் தங்கை மகன். தோற்றத்தைக் கூட்டிக்கொள்ளும் லுக்ஸ்மேக்ஸிங் என்றால் என்ன, யார் யாரை 'மாக்' செய்கிறார்கள், அதாவது அழகில் அடித்துப்போடுகிறார்கள், கண்ணின் சாய்வுக்கு ஏன் இத்தனை மவுசு என்றெல்லாம் பொறுமையாக விளக்கினான். தெருமுனைச் சுவரில் உட்கார்ந்து போகிற வருகிற பெண்களுக்கு மார்க் போடுகிற கூட்டம் எங்கள் காலத்திலும் உண்டு. இப்போது சுவரில் உட்கார்ந்திருந்தவனே இறங்கி வந்து, எனக்கும் ஒரு மார்க் போடுங்கள் என்று நிற்கிறான். புதுசு அது ஒன்றுதான்.

உங்கள் தரப்பில் இருக்கிற நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தோற்றத்துக்கு விலை இருக்கிறது. 1966இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் எலைன் வால்ஸ்டர் என்ற உளவியலாளர் முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு நடன விருந்து வைத்தார். ஜோடியைக் கணினி பொறுக்கித் தருகிறது என்று சொல்லி, உண்மையில் கண்ணை மூடிக்கொண்டு ஜோடி சேர்த்தார். விருந்து முடிந்ததும், யாருக்கு யாரைப் பிடித்தது என்று பார்த்தால், படிப்போ குணமோ கணக்கில் வரவில்லை. முகலட்சணம் மட்டும்தான் வந்தது. 1994இல் டேனியல் ஹேமர்மேஷும் ஜெஃப் பிடிலும் அமெரிக்க, கனடிய சம்பளக் கணக்குகளைப் புரட்டி, சுமாரான தோற்றம் என்று மதிப்பிடப்பட்டவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் வரை சம்பளம் குறைகிறது என்று எழுதினார்கள். கல்யாணப் படம் எடுத்துக் கொடுத்துப் பிழைத்தவனுக்கு இதைச் சொல்ல எந்தப் பேராசிரியரும் தேவையில்லை. "முகத்தில் என்ன இருக்கு, மனசுதான் முக்கியம்" என்று பையன்களிடம் சொல்லிக்கொண்டே, பெண் பார்க்கும்போது படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் பார்த்த பெரியவர்களைத் தாண்டித்தான் அவன் உங்களிடம் வந்திருக்கிறான். இங்கேயாவது உண்மை கிடைக்கும் என்று வந்திருக்கிறான்.

கிடைக்கிறதா என்பதுதான் என் கேள்வி. நீங்கள் மார்க் போடுவது முகத்துக்கு என்று நினைக்கிறீர்கள். போடுவது போட்டோவுக்கு.

2011இல் ராப் ஜென்கின்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் பிரிட்டனில் ஒரு சோதனை செய்தார்கள். நெதர்லாந்தில் பிரபலமான இரண்டு பேரின் படங்கள், ஆளுக்கு 20. நாற்பதையும் கலைத்து, அவர்களை முன்பின் தெரியாத பிரிட்டிஷ்காரர்களிடம் கொடுத்து, ஒரே ஆளின் படங்களை ஒரே குவியலாக அடுக்குங்கள் என்றார்கள். பலரும் ஏழெட்டுக் குவியல் அடுக்கினார்கள். அதாவது இரண்டு பேரின் முகங்கள் ஏழெட்டுப் பேரின் முகங்களாகத் தெரிந்தன. அதே ஆய்வில் அழகுக்கும் மார்க் போடச் சொன்னார்கள். ஆளுக்கு ஆள் இருந்த வித்தியாசத்தைவிட, ஒரே ஆளின் படத்துக்குப் படம் இருந்த வித்தியாசம் பெரிதாக வந்தது. எந்த ஸ்டுடியோக்காரரைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். இவ்வளவு ஆட்டம் காட்டுகிற ஒன்றைத்தான் நீங்கள் 4.75 என்றும் 5.25 என்றும் புள்ளி வைத்துப் பிரிக்கிறீர்கள்.

செல்ஃபியை எடுத்துக்கொள்ளுங்கள். கையெட்டும் தூரத்தில், அகலமான லென்ஸ். கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பது மூக்கு, தள்ளி இருப்பது காது. மூக்கு வீங்கும், காது பின்னால் ஒளிந்துகொள்ளும், முகம் ஒடுங்கி நீளும். 2018இல் அமெரிக்க முக அறுவை மருத்துவர் போரிஸ் பாஸ்கோவரும் அவர் குழுவும் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: 12 அங்குலத்தில் எடுத்த படத்தில், 5 அடி தள்ளி நின்று எடுத்ததைவிட மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. செல்ஃபியில் மூக்கு பெரிதாக வருகிறது என்று அறுவைக்கு வந்து நிற்பவர்களைப் பார்த்துத்தான் அந்தக் கணக்கே பிறந்தது. ஸ்டுடியோவில் நாங்கள் ஸ்டூலைப் போட்டுவிட்டு ஏழெட்டடி தள்ளிப் போய் நீளமான லென்ஸில் எடுத்ததெல்லாம் இடம் நிறைய இருந்ததால் இல்லை.

கண்ணின் சாய்வு என்கிறீர்களே, கண்ணின் வெளிமுனை உள்முனையைவிட மேலே இருந்தால் வேட்டைக்காரன், கீழே இருந்தால் இரை. அந்த ஹன்டர் ஐஸை நான் நிமிஷத்தில் செய்துதருவேன். முகம் தட்டையான பலகை கிடையாது. கண்ணின் வெளிமுனை உள்முனையைவிடச் சற்றுப் பின்னால் இருக்கிறது. தாடையைக் கொஞ்சம் இறக்கச் சொன்னால் வெளிமுனை ஏறித் தெரியும், தூக்கச் சொன்னால் இறங்கித் தெரியும். "தம்பி, தாடையை ஒரு நூல் கீழே... அவ்வளவுதான், மூச்சை விடாதீங்க" என்று நாங்கள் சொன்னது இதற்குத்தான். விளக்கை ஒருக்களித்து மேலே ஏற்றினால் தாடைக்குக் கீழே நிழல் விழுந்து தாடை எலும்பு தானாக எழும். இதற்கு நாக்கை அண்ணத்தில் ஒட்டிவைத்துத் தவம் கிடக்க வேண்டியதில்லை. ஜான் மியூ, மைக் மியூ என்ற பிரிட்டிஷ் பல் மருத்துவர்களாக இருந்த தந்தை, மகன் பெயரால் வந்ததுதான் இந்த மியூயிங். அது தாடையை மாற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் சங்கமே சொல்லிவிட்டது. சுத்தியலால் கன்ன எலும்பைத் தட்டச் சொல்கிறவர்களைப் பற்றி நான் பேசப்போவதில்லை. பாரம் தாங்கும் எலும்பு அதற்கேற்ப மாறும் என்று அவர்கள் சாட்சிக்கு இழுக்கிற ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் எழுதினார், மூஞ்சியில் அடித்துக்கொள்ளுங்கள் என்று எழுதவில்லை.

இன்னொன்று, "என் முகம் கோணல்" என்று வருகிறவர்கள். தினமும் கண்ணாடியில் பார்க்கும் முகம் இடவலம் மாறிய முகம். படத்தில் அது நேராக வரும்போது, பழகிய வகிடும் பழகிய மச்சமும் எதிர்ப்பக்கம் போய்விடுகின்றன. 1977இலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள்: ஒரே படத்தின் இரண்டு வடிவங்களைக் காட்டினால், சம்பந்தப்பட்டவர்களுக்குக் கண்ணாடி வடிவம் பிடித்திருந்தது, அவர்களுடைய சிநேகிதர்களுக்கு நேர்வடிவம் பிடித்திருந்தது. கோணல் என்று அழுகிற பையனிடம் இதைச் சொல்லாமல் "ஆமாம், இடது கண் 2 மில்லிமீட்டர் தாழ்வு" என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் காட்டுகிறீர்கள்.

சரி, படம் பொய் சொல்லும், போடுகிறவன் கண் பொய் சொல்லாது என்பீர்கள். 1980இல் டக்ளஸ் கென்ரிக், சாரா குட்டியரஸ் என்ற இருவர், தொலைக்காட்சியில் மூன்று அழகிகள் வரும் 'சார்லீஸ் ஏஞ்சல்ஸ்' தொடரைப் பார்த்துக்கொண்டிருந்த விடுதி மாணவர்களிடம் ஒரு சாதாரணப் பெண்ணின் படத்தைக் காட்டி மார்க் கேட்டார்கள். வேறு நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தவர்களைவிட இவர்கள் குறைவாகப் போட்டார்கள். திரையில் மூன்று தேவதைகள் ஓடிக்கொண்டிருக்கும்போது படத்தில் இருப்பவள் என்ன செய்வாள்? உங்கள் அளவுகோலின் உச்சியில் ஒட்டியிருக்கிற மாடல்கள், நடிகர்கள் படங்களை ஒரு முறை பாருங்கள். அப்புறம், வேகமாக ஒன்றன்பின் ஒன்றாக முகம் பார்க்கிறவர்களின் தீர்ப்பு, முந்தின முகத்தின் பக்கமாகச் சாய்கிறது என்று சிட்னி பல்கலைக்கழகத்தார் 2016இல் காட்டினார்கள். உங்கள் மார்க்கில் அவன் முகம் கொஞ்சம், அவனுக்கு முன்னால் வந்தவன் முகம் கொஞ்சம், நீங்கள் சாப்பிட்டீர்களா தூங்கினீர்களா என்பது கொஞ்சம். யோஹானஸ் ஹோனகாப் என்ற ஆய்வாளர் 2006இல் கணக்குப் பார்த்தபோது, முக அழகு பற்றிய தீர்ப்பில் எல்லாரும் ஒத்துப்போகிற ரசனை ஏறத்தாழ பாதி, ஆளாளுக்கு மாறும் சொந்த ரசனை இன்னொரு பாதி என்று வந்தது. சில குழுக்களில் இந்த இரண்டாவது பாதியை ஒழிக்கவே விதி வைத்திருக்கிறீர்கள். குழு வைத்திருக்கிற மார்க் அட்டவணையைத் தாண்டி யாராவது தாராளமாகப் போட்டால் எச்சரிக்கை, மறுபடி போட்டால் வெளியே. கருமித்தனத்துக்குப் பெயர் அங்கே நேர்மை.

நீங்கள் புது ஆட்கள் என்று நினைத்துக்கொள்கிறீர்கள், அதனால் உங்கள் முன்னோர்களைக் கொஞ்சம் அறிமுகப்படுத்துகிறேன். பிரான்சிஸ் கால்டன், டார்வினின் உறவினர், சுப்ரஜனனவியல் என்ற இனத்தூய்மைச் சரக்குக்கு 1883இல் பெயர் வைத்தவர். பையில் ஒரு காகிதமும் ஊசியும் வைத்துக்கொண்டு பிரிட்டன் நகரங்களில் நடந்தார். எதிரே வருகிற பெண் அழகியா, சுமாரா, சகிக்கவில்லையா என்று பைக்குள்ளேயே துளை போட்டுக்கொண்டார். லண்டன் முதலிடம், அபர்டீன் கடைசி. இதைக் கூச்சமில்லாமல் 1908இல் வந்த தன்வரலாற்றில் எழுதியும் வைத்தார். இதே மனிதர் குற்றவாளிகளின் படங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பதித்து 'குற்றவாளி முகம்' ஒன்றை எடுக்கப் பார்த்தார். கிடைத்த முகம், அதில் சேர்ந்த தனித்தனி முகங்களைவிட லட்சணமாக இருந்து தொலைத்தது. ஒரு நூற்றாண்டு கழித்து 1990இல் ஜூடித் லாங்லாய், லோரி ராக்மன் என்ற இருவர் கணினியில் மாணவர் முகங்களைக் கலந்து அதையே உறுதி செய்தார்கள். ஆக, நீங்கள் கேவலமாக நினைத்து 5 போடுகிற அந்தச் சராசரி முகத்தை உண்மையிலேயே கூட்டி வகுத்து எடுத்தால், அது பெரும்பாலோரைவிட அழகாக இருக்கும்.

பீகிள் கப்பலின் தலைவர் ஃபிட்ஸ்ராயும் உங்கள் கட்சி. முகத்தை வைத்துக் குணத்தைச் சொல்கிற, லவாட்டர் என்பவரின் முகசாஸ்திரத்தை நம்பியவர். 1831இல் கப்பலில் சேர வந்த இளைஞன் டார்வினின் மூக்கைப் பார்த்து, இந்த மூக்குக்காரனுக்கு இவ்வளவு நீண்ட பயணத்துக்கான ஊக்கமும் உறுதியும் இருக்குமா என்று தயங்கினார். நல்லவேளை, தயக்கத்தோடு நின்றார்.

எல்லா மூக்குக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற ஆங்கிலேய அதிகாரி வங்காளத்தில் ஆயிரக்கணக்கான மூக்குகளை அளந்தார். அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் மூக்குக் குறியீடு. அந்த எண் ஏற ஏறச் சாதி அந்தஸ்து இறங்குகிறது என்று 1891இல் எழுதினார். 1901ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தும் பொறுப்பும் அவருக்கே வந்தது. சென்னையில் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அதே அளவுக் கருவியை எடுத்துக்கொண்டு நம்முடைய பாட்டன்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தார். கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகள் போட்டார். போட்டோகிராபர் கண்ணோடு அந்தத் தொகுதிகளைப் புரட்டியிருக்கிறேன். படங்கள் நன்றாகத்தான் வந்திருக்கின்றன. கீழே பெரும்பாலும் ஆளின் பெயர் இல்லை, சாதியின் பெயர்தான். மூக்கு அகலம் அந்தஸ்தைக் காட்டும் என்ற அந்தக் கணக்கு நிலைக்கவில்லை. நாசித்துவாரத்தின் அகலத்துக்கும் அந்த ஊரின் வெப்பம், ஈரப்பதத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று 2017இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று காட்டியது. புழுக்கமான ஊர்க்காரனுக்கு மூக்கு விரிந்திருப்பதில் புழுக்கத்துக்கும் பங்கு உண்டு.

இப்போது ஒரு மதுரைப் பையனின் படத்தில் கோடு போட்டு, மூக்கின் அகலம் இரண்டு கண்களுக்கு நடுவிலுள்ள தூரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும், இவனுக்குக் கூடுதல், அதனால் அரை மார்க் குறைக்கிறேன் என்று எழுதுகிறீர்கள். அந்த விதி ஐரோப்பிய மறுமலர்ச்சி ஓவியர்கள் படம் வரைய வைத்துக்கொண்டது. கனடாவில் லெஸ்லி ஃபார்கஸ் என்ற மருத்துவர் 1985இல் இப்படிப்பட்ட விதிகளை உயிரோடு இருக்கும் வெள்ளையர் முகங்களில் அளந்து பார்த்தார். பல விதிகள் அவர்களிலேயே பாதிப்பேருக்குக்கூடப் பொருந்தவில்லை. வெள்ளைக்காரனுக்கே பொருந்தாத சட்டையைத் தைத்துக்கொண்டு வந்து, உனக்குப் பொருந்தவில்லையே என்று நம் பையனைத் திட்டுகிறீர்கள்.

உங்களில் பலர் பயன்படுத்துகிற பிஎஸ்எல் என்ற அளவுகோலின் பெயர் எங்கிருந்து வந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? மூன்று பழைய இணையக் குழுக்களின் முதலெழுத்துகள் அவை. பெண்களையும் தங்களையும் ஒரே வேகத்தில் வெறுத்த குழுக்கள். முதல் எழுத்துக்குரிய குழு 2014இல் மூடப்பட்டது. கலிஃபோர்னியாவின் ஐலா விஸ்டாவில் ஆறு பேரைக் கொன்றுவிட்டுச் செத்த 22 வயது இளைஞன் அங்கே எழுதிக்கொண்டிருந்தவன். நீங்கள் கொலைகாரர்கள் என்று சொல்லவரவில்லை. ஆனால் "மனிதனுக்குக் கீழே" என்ற பொருளில் ஒரு தரமே அந்த அளவுகோலில் இருக்கிறது, அதை 15 வயதுப் பையனுக்கு எழுதும்போது கை கூசுவதில்லை. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஹால்பினும் கூட்டாளிகளும் இப்படிப்பட்ட ஒரு குழுவின் ஆயிரக்கணக்கான பின்னூட்டங்களைப் படித்து 2025இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முன்னேற வழி கேட்டு வந்தவர்களை மட்டம் தட்டியதும், சிலரைத் தற்கொலை செய்துகொள்ளத் தூண்டியதும் அதில் பதிவாகியிருக்கின்றன. சுயமுன்னேற்றம் என்று பெயர்ப் பலகை.

கேட்டு வருகிறவன் யார் என்பதையும் கொஞ்சம் பாருங்கள். ஒரு தடவை விளையாட்டாகக் கேட்டுவிட்டுப் போகிறவனை விடுங்கள். வேறு விளக்கு, வேறு கோணம், முடியை ஏற்றி, இறக்கி என்று அதே முகத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறவன் ஒருவன் உங்கள் எல்லாருக்கும் தெரிந்திருப்பான். 1891இல், அதாவது ரிஸ்லி மூக்குக் கணக்கை அச்சிட்ட அதே வருஷம், இத்தாலிய மருத்துவர் என்ரிகோ மோர்செல்லி இவனைப் பற்றி எழுதிவிட்டார். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத, தெரிந்தாலும் அற்பமான ஒரு குறையை நினைத்து நினைத்தே மாய்ந்துபோகிறவர்கள். இன்று மருத்துவம் அதை உடல் தோற்றம் குறித்த பிறழ்வு நோய் என்று தனியாக வகைப்படுத்தியிருக்கிறது. நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் இருக்கிறது, பெரும்பாலும் விடலைப் பருவத்தில் தொடங்குகிறது. ஓயாமல் கண்ணாடி பார்ப்பது, மற்றவர் முகத்தோடு ஒப்பிடுவது, "எனக்கு இது அசிங்கமா இருக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பது, இவைதான் அறிகுறிகள். முக அறுவை செய்தாலும் பெரும்பாலும் தீருவதில்லை, கவலை இன்னொரு இடத்துக்குக் குடிபெயர்கிறது. உளவியல் சிகிச்சையும் மருந்தும் பலன் தருகின்றன. அந்தச் சிகிச்சையில் வீட்டாருக்குச் சொல்லித்தரும் பாடங்களில் ஒன்று, அவன் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது பதில் சொல்லாதீர்கள் என்பது. அழகாக இருக்கிறாய் என்றும் சொல்லக் கூடாது. எந்தப் பதில் சொன்னாலும் கேள்விக்குத் தீனி. நீங்கள் இருபத்துநாலு மணி நேரமும் பதில் சொல்லக் கடை திறந்து வைத்திருக்கிறீர்கள். 4 போட்டவன் மட்டுமில்லை, இரக்கப்பட்டு 7 போட்டவனும் சேர்த்துத்தான்.

மினசோட்டா விருந்துக்கு ஒரு பின்கதை உண்டு, அதை உங்கள் குழுக்களில் யாரும் பகிர்வதில்லை. 2015இல் லூசி ஹன்ட், பால் ஈஸ்ட்விக், எலி ஃபின்கல் மூவரும் 167 ஜோடிகளை ஆராய்ந்தார்கள். பார்த்ததும் காதலில் இறங்கிய ஜோடிகளில் இருவரின் அழகு மார்க்கும் ஏறத்தாழ ஒத்துப்போனது. நெடுநாள் பழகிவிட்டுப் பிறகு சேர்ந்தவர்களிடம் அந்தப் பொருத்தம் வெகுவாகக் குறைந்துபோனது. நாற்பது படங்களை ஏழெட்டுக் குவியலாக்கிய சோதனையிலும் இப்படித்தான்: அந்த இருவரை அறிந்த நெதர்லாந்துக்காரர்கள் கிட்டத்தட்டத் தவறே இல்லாமல் இரண்டு குவியல் அடுக்கினார்கள். நீங்கள் போடுகிற மார்க், அறியாத ஆள் முதல் பார்வையில் போடுகிற மார்க். பெண் பார்க்கப் படம் அனுப்பும் வேலைக்கு அது உதவும். ஒரு வகுப்பில் மூன்று வருஷம் கூட உட்கார்ந்தவனுக்கு உதவாது.

அதனால் ஒன்று கேட்கிறேன். எண் போடுவதை விடுங்கள். பேசுவதை விட வேண்டாம். இந்த முகத்துக்கு எந்த முடிவெட்டு எடுக்கும் என்று கேட்டால் சொல்லுங்கள், உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பரு என்றால் தோல் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள், கண்ட கிரீமையும் எழுதிக் கொடுக்காதீர்கள். அதே முகம் மூன்றாவது முறையாக வந்தால், படத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல், தூக்கம் எப்படி, பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறாயா, வெளியே போய் எத்தனை நாளாச்சு என்று கேளுங்கள். 14416 என்ற எண்ணைக் கொடுங்கள், அது அரசாங்கத்தின் டெலி மானஸ் மனநல உதவி எண், காசில்லை, தமிழிலும் பேசலாம். பள்ளிக்கூட வயசு என்று தோன்றினால் படத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள், எடுக்காவிட்டால் புகார் பொத்தானை நீங்களே அழுத்துங்கள்.

லென்ஸ், விளக்கு, தாடையை எவ்வளவு இறக்குவது என்று யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னிடம் அனுப்பிவையுங்கள். கடையை மூடிவிட்டேன், ஆனால் ஸ்டூலும் இரண்டு விளக்கும் இன்னும் வீட்டில்தான் இருக்கின்றன.

அன்புடன்,
பழைய ஸ்டுடியோக்காரன்